கீழே நிற்பவன்

மரம் வெட்டுகிறவர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போகும். வெட்டுவதற்கு எவன் வேண்டுமானாலும் வருவான், நாங்கள் மரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பார். காய்ந்த கிளையைக் கழிப்பது, கூரைமேல் சாய்ந்ததை ஒதுக்குவது, கிளை பிரிகிற இடத்தில் காற்றில் பிளந்த கவட்டுக்கு இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது, இதெல்லாம்தான் அவர்கள் வேலை. வேறு வழியே இல்லாவிட்டால்தான் அடியோடு இறக்குவார்கள். அவரிடம் ஒரு லாரியும், அதன் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற கிளை அரைக்கும் மெஷினும் இருந்தன. ஆட்கள் என்று பார்த்தால் ஒரு குடும்பம்தான்.

ஏறுகிறவனை உச்சி என்றார்கள். மற்றவர்கள் போதும் என்று நிற்கிற இடத்துக்கு மேலே இன்னும் ஒரு கவடு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான் என்பதால் வந்த பெயர். கீழே வடம் பிடிக்கிறவன் அவன் மனைவியின் தம்பி. அவனுக்குக் கயிறு என்று பெயர். ஆளும் ஒல்லி, அதனால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. தெருவில் வருகிற வண்டிகளை நிறுத்துவதும், இறங்கிய கிளைகளை இழுத்து மெஷினுக்குக் கொடுப்பதும் உச்சியின் மனைவி. தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் எல்லாருக்கும் அக்காவாகிவிட்டாள். அவளைவிட எவ்வளவோ மூத்த மேஸ்திரியும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் வேண்டுமென்றே "சொல்லு தம்பி" என்றாள். அவர் கவனிக்கக்கூட இல்லை, வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் தகரக்கூரை போட்ட கொஞ்சம் இடம். சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றித் தட்ட வேண்டும். சட்டைக் காலரிலிருந்தும் காதுமடலிலிருந்தும் மரத்தூள் உதிரும். கையில் ஒட்டிய மரப்பால் சோப்புக்குப் போகாது, சமையல் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பிறகு ரொட்டியும் முட்டையும் சூடாக ஏதாவது ஒரு பருப்புத் தண்ணியும். சாப்பிட்டு முடிப்பதற்குள் கயிறு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவான்.

உச்சிக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் வலது காது. காதுக்குள் ஒரு மெஷின் எப்போதும் ஓடுவதுபோல இரைச்சல் கேட்டது, அப்புறம் அந்த இரைச்சல் மட்டும்தான் கேட்டது. இடது காதில் பாதி மிச்சம் இருந்தது. வருஷக்கணக்காகக் காதுமூடி போடாமலே ரம்பம் ஓட்டியவன் அவன். ஒரு கிளை முறிவதற்கு முன்னால் உள்ளே நார் பிரிகிற சத்தம் ஒன்று வரும், அதைக் கேட்காமல் மரத்தில் என்ன வேலை என்பான். கடைசியில் அந்தச் சத்தமும் கேட்காமல் போயிற்று. கையிலும் பாதத்திலும் வருகிற அதிர்வை வைத்துச் சமாளித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கயிறு நினைத்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டதற்குப் பதில் இல்லை, பேச்சின் நடுவில் எழுந்து போய்விடுகிறான். தன்மேல் சலித்துவிட்டது என்று அக்கா நினைத்தாள். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு மூலையில் வெந்துகொண்டிருந்தார்கள்.

கயிறுக்கு வேறொரு மனக்குறையும் இருந்தது. அவனுக்கு மரம் ஏற வேண்டும். எத்தனை நாள் கீழேயே நின்று அண்ணாந்து பார்ப்பது? கழுத்துதான் வலித்தது. ஒருமுறை லாரியில் போகும்போது கேட்டான், உச்சி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை வடத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டான், உச்சி நடந்து போய்விட்டான். விபத்து நடந்த அன்று காலையிலும் வாசலில் நின்று கேட்டான். மாமா பூட்ஸ் நாடாவைக் கட்டிவிட்டு எழுந்து போனார். ஒரு மனுஷனை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது என்று அவன் அக்காவிடம் சொன்னான்.

அன்றைய வேலை ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்ற அகன்ற நிழல் மரம். ஒரு கிளை பால்கனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உச்சி மேலே ஒரு கவட்டின் வழியாக வடத்தைப் போட்டுக் கிளையைக் கட்டினான். வடத்தின் மறுமுனையை அடிமரத்தில் சுற்றிக் கயிறு பிடித்துக்கொண்டான். கிளை அறுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். உச்சி முதலில் அடியில் ஒரு வெட்டுப் போட்டான், பிறகு மேலே. முக்கால்வாசி அறுந்ததும் மெஷின் ரம்பத்தை அணைத்து இடுப்பில் மாட்டிவிட்டுக் கை ரம்பத்தை எடுத்தான். கடைசித் துண்டை மெதுவாக அறுத்தால் கிளை உதறாமல் சாயும்.

அந்த நேரத்தில் கீழே கிடந்த வடம் சுவரோரம் இருந்த இரும்புக் கேட்டின் கொண்டியில் மாட்டிக்கொண்டது. கயிறு, "மாமா, நில்லுங்க" என்று சத்தம் போட்டான். இன்னொரு தரம் போட்டான். மேலே ரம்பம் நிற்கவில்லை. மூன்றாவது தரம் அடித்தொண்டையிலிருந்து கத்திவிட்டு, கேட்காமலா இருக்கும் என்று குனிந்து கொண்டியிலிருந்து வடத்தை விடுவிக்கப் போனான். தெருமுனையில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த அக்காவுக்கே அந்தச் சத்தம் கேட்டது. கிளை அறுந்தது, வடம் ஓடியது, கிளையின் தடித்த முனை சுழன்று வந்து கயிறின் தோளில் அடித்தது.

மேலே இருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை ரம்பத்தை உறையில் போட்டுவிட்டுத்தான் கீழே பார்த்தான். அக்கா வண்டிகளை நிறுத்தும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது.

தோளெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தலையில் பட்டிருந்தால் பேச்சே இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்த கயிறு, உச்சி உள்ளே வந்ததும் நேராகப் பார்த்துக் கேட்டான்.

"மூணு தடவ கத்தினேன். காது கேக்கலயா உங்களுக்கு?"

"ரம்பச் சத்தத்துல கேக்கல மாப்ள."

"ரம்பம் ஓடல. கை ரம்பம்தான் வச்சிருந்தீங்க."

கயிறு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வரவில்லை. டயர் கடைக்கு மேலே ஒரு சிநேகிதன் அறை இருந்தது, அங்கே போய்விட்டான்.

மறுநாள் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடவில்லை. அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் சட்டையில் இருந்த ரத்தக்கறை போவேனா என்றது. உச்சி அவளுக்கு முதுகைக் காட்டி ஒரு கட்டைமேல் உட்கார்ந்து ரம்பச் செயினின் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான். எதுவுமே நடக்காததுபோல உட்கார்ந்திருக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்றாள். அரம் நிற்கவில்லை. தம்பியைக் கொல்லப் பார்த்தவனோடு படுத்து எழுந்திருக்க முடியாது என்றாள். அரம் நிற்கவில்லை. பிறகு அவள் வாழ்க்கையில் யாரையும் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொன்னாள். அவன் அடுத்த பல்லுக்குச் செயினை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எந்த ஆம்பளையும் அப்படிச் செய்ய மாட்டான். அக்கா சட்டையை வாளியில் போட்டாள். ஈரக்கையோடு எழுந்து அவன் வலது பக்கம் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இடது பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டாள். தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் தூக்கினான். பக்கத்தில் அவள் நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

அவள் அவனுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா?"

அவள் உதட்டைப் பார்த்துத்தான் அவன் பதில் சொன்னான். "ரெண்டு வருஷம் இருக்கும். வலது சுத்தமா இல்ல."

"ஏன் சொல்லல?"

"செவிடன்னு தெரிஞ்சா எவன் என்ன மரத்துல ஏத்துவான்?"

"தெரியாம ஏறி என் தம்பி எலும்ப உடைச்சாச்சு. இனிமே மறைக்க என்ன இருக்கு?"

அவன் அரத்தைக் கீழே வைத்தான். அவன் அழுவான் என்று அவள் நினைத்தாள், அழவில்லை. அவள்தான் அழுதாள், அதுவும் கொஞ்ச நேரம். பிறகு எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு டாக்டர், அப்புறம் மேஸ்திரி, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் என்று டயர் கடை இருந்த திசையைக் காட்டினாள். நான் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம், என் வாயால்தான் சொல்லணும் என்றான்.

அன்று சாயங்காலமே போனான். கயிறு கட்டில்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சிநேகிதன் வேலைக்குப் போயிருந்தான். கீழே கடையில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுவது அறைத் தரையில் அதிர்ந்தது. உச்சி ஒரு நாற்காலியை இழுத்து அவன் முகம் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தான்.

"எனக்குக் காது கேக்கல மாப்ள."

"அதத்தானே நானும் கேட்டேன்."

"இல்ல. நெசமாவே கேக்கல. நீ கத்தினது ஒண்ணுகூட கேக்கல. இப்ப கீழ என்னமோ தட்டுறாங்க, அதுவும் கால்லதான் தெரியுது."

கயிறு அவனையே பார்த்தான். ஏதோ சாக்குச் சொல்கிறானா என்று பார்ப்பதுபோல இருந்தது. கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னான். உச்சி காத்திருந்தான். கயிறு கையை எடுத்தான்.

"என்ன சொன்னேன்?"

"தெரியல."

சந்தேகம் தீர்ந்தால் கோபமும் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் உச்சி வந்திருந்தான். அப்படி நடக்கவில்லை. கயிறு எழுந்து நின்றான். அவன் சத்தம் போடவில்லை, நிதானமாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"ரெண்டு வருஷமா நான் ஒரு செவிடனுக்குக் கீழ நின்னிருக்கேன். எனக்கே தெரியாம. தெரிஞ்சிருந்தா வேற மாதிரி நின்னிருப்பேன் மாமா. எலும்பு கூடிரும். நீங்க என்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அது எப்பக் கூடும்னு எனக்குத் தெரியல."

உச்சி தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தான்.

காது டாக்டர் அதிகம் பேசவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். இடது காதுக்கு ஒரு காது மெஷின் கொடுத்தார். வீட்டுப் பேச்சுக்கு அது போதும், காற்றிலும் ரம்பச் சத்தத்திலும் அதை நம்பி ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் உச்சி மிரண்டுபோனான். செருப்புச் சத்தம்கூட இடிபோல விழுந்தது. வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷத்துப் பேச்சு.

மேஸ்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் லாரியின் டயரைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. ஏறுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீ கீழே வேலை செய் என்றார். உச்சி சரி என்றான். அடுத்த வாரத்திலிருந்து புதிதாக வந்த ஒருவன் மேலே ஏறினான். உச்சி அக்காவோடு சேர்ந்து கிளை இழுத்தான், மெஷினுக்குள் தள்ளினான், தெருவைப் பெருக்கினான். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அண்ணாந்து பார்ப்பதை மட்டும் தவிர்த்தான். புதியவன் ஒரு வெட்டுக்குப் பதில் மூன்று வெட்டுப் போட்டு மரத்தைக் காயப்படுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது அவன்தான் அந்தப் பேச்சை எடுத்தான். மேலே இருக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் நடுவில் வடம் இருக்கிறது, கத்துவது எதற்கு என்றான். உன் தம்பி வடத்தைப் பிடித்திருக்கிற விதத்திலேயே அவனுக்குப் பசி வந்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றான். அக்கா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் பேசுவதற்கென்றே ஒரு கயிறு கட்டினால் என்ன என்று கேட்டாள்.

மேஸ்திரியின் கிடங்கில், லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் இருந்தது. வேலை முடிந்ததும் இருவரும் அங்கே நின்றார்கள். உச்சியின் இடுப்பு வாரில் ஒரு சன்னக் கயிற்றைக் கட்டினாள் அக்கா. மறுமுனையைக் கையில் பிடித்தபடி அவள் கீழே நிற்க, அவன் மேலே ஏறினான். ஒரு இழுப்பு என்றால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். இரண்டு என்றால் கீழே பார்க்க வேண்டும். விடாமல் இழுத்தால் இறங்கிவிட வேண்டும். முதல் நாள் காற்று கயிற்றை ஆட்டியதை அவள் இழுத்ததாக நினைத்து நின்று நின்று போனான். இன்னொரு நாள் அவள் இழுத்தது அவன் இடுப்புக்குப் போய்ச் சேரவே இல்லை, கயிறு ஒரு கிளை முண்டில் மாட்டிக்கொண்டது. மழை நாளில் கயிறு ஊறிக் கனத்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் நினைப்பார்கள், தினமும் தாமதமாகும். அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லாமல் ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டுப் படுப்பார்கள். இரண்டு பேரில் யாரும் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் மேஸ்திரி வந்து கைகட்டி நின்று பார்த்தார். அக்கா இழுத்ததும் ரம்பம் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டு, தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

"கீழ நிக்கிறவன் சொல்லணும் அக்கா. அவன் சரின்னா எனக்கும் சரி."

கயிறிடம் போய்ச் சொன்னது அக்காதான். அவன் பிடிகொடுக்கவில்லை. கை சரியானதும் வேறு வேலை பார்க்கப் போவதாகச் சொன்னான். அவளும் கெஞ்சவில்லை. நீ வந்து பார், பார்த்துவிட்டு முடியாது என்றால் அதோடு விட்டுவிடுகிறோம், பார்க்காமல் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவன் வந்தான். கையைத் தாங்கும் தூளி கழுத்தில் தொங்க, கிடங்கின் கேட்டில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்தான். கயிறு இப்படித் தொங்கினால் எங்கேயாவது மாட்டத்தான் செய்யும், மேலே ஒரு வளையம் போட்டு அதன் வழியாக விட வேண்டும் என்றான். இதைப் பிடிக்கிற ஆள் வேறு எதையும் தொடக்கூடாது, வடத்துக்குத் தனி ஆள் வேண்டும் என்றான். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தச் சொல்வதை மட்டும் நம்பினால் போதாது என்றான்.

உச்சி இறங்கி வந்து அவன் எதிரில் நின்றான். கயிறு அவன் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னாடி நீங்க கீழ பாக்கணும். நான் ரெண்டு கையும் தூக்கினாத்தான் ரம்பத்த வைக்கணும். ஒரு கை தூக்கினாலும் வைக்கக் கூடாது. நான் தூக்கலன்னா சாயங்காலம் வரைக்கும் மேலயே உக்காந்திருங்க."

"சரி."

"அப்புறம் எனக்கு ஏறக் கத்துத் தரணும்."

உச்சியின் முகத்தில் ஆச்சரியம். "அதுக்கென்ன? உனக்கு ஏறணும்னு எப்பத் தோணுச்சு? ஒரு வார்த்த கேட்டிருந்தா எப்பவோ ஏத்தியிருப்பேனே."

கயிறு அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான், பிறகு தோள் வலியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். லாரியில் கேட்டதையும் வாசலில் கேட்டதையும் அக்கா சொன்னாள். உச்சி மச்சானின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான். கயிறு கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி அவன் துணிமூட்டையோடு வீட்டுக்கு வந்தான்.

காற்று அடித்து ஓய்ந்த ஒரு வாரத்தில் உச்சி மறுபடி ஏறினான். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பின் தகரக்கூரைமேல் சாய்ந்து நின்ற உயரமான தைலமரம். பாதி வேர் மண்ணைவிட்டுக் கிளம்பியிருந்தது, காப்பாற்ற வழியில்லை, மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். புதியவன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். வடத்தை மேஸ்திரியும் அக்காவும் பிடித்தார்கள். கயிறுக்குத் தூளியை எடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, அவன் கையில் சன்னக் கயிறு மட்டும்.

உரிந்து தொங்குகிற பட்டைகளை ஒதுக்கிக்கொண்டு உச்சி மேலே போனான். தண்டு மெலிந்துகொண்டே வந்தது. ஊரே தெரிந்தது. காதில் ஒன்றுமில்லை, பழைய இரைச்சல் மட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கீழே பார்த்தான், இரண்டு கையும் உயர்ந்தபிறகு வெட்டினான். தலைப்பகுதி போயிற்று. அடுத்த துண்டும் போயிற்று. தெருவின் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. மேஸ்திரி வியர்வையைத் துடைக்கக்கூட வடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாவது துண்டின் நடுவில் இடுப்பில் ஒரு இழுப்பு வந்தது.

ரம்பம் அந்த நொடியே நின்றது. வெட்டுக்குள் இருந்த ரம்பத்தை மெல்ல உருவி எடுத்துவிட்டு உச்சி கீழே பார்த்தான். யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று கூரைப்பக்கம் பார்த்தான். வடம் மாட்டிக்கொண்டதா என்று பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கயிறு மட்டும் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயை அகலமாகத் திறந்து, அவ்வளவு உயரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"சும்மா."

மேஸ்திரிக்கு வந்ததே கோபம். வடத்தைப் பிடித்தபடியே கயிறை அவன் பிறந்த நேரத்திலிருந்து தொடங்கித் திட்டினார். அவர் குரல் தெருமுனைவரை போயிற்று, எதிர்மாடியில் ஜன்னல் திறந்தது, கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வடத்தைப் பார்த்தாள். அவ்வளவும் காதில் விழாதவன் அந்த இடத்தில் ஒருவன்தான். அவன் மரத்தின்மேல் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிரித்து முடித்ததும் கீழே பார்த்தான். கயிறு நல்ல கையை உயர்த்தினான். உச்சி ரம்பத்தைத் தொடவில்லை. அடிபட்ட கை மெதுவாக மேலே வந்தது, தோள் உயரத்தில் நின்றது, வலியில் கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. அது முழுவதும் உயரும்வரை உச்சி காத்திருந்தான்.